அத்தா பங்கிட்ட மஞ்சள் மாத்திரை

நாரின்,
ஜூலை 28, 2020

என் பெர்மெத்தின் அப்பாவுக்கு,

கன்ஷாய் சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் அத்தாவும் பெர்மெத்தும் நானும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் கோடையில் இதைவிட நல்ல சேதி எழுத நம் ஊரில் யாராலும் முடியாது. நீங்கள் நலமா என்று வழக்கம்போல் கேட்கப் போவதில்லை. நலமில்லை என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

உங்கள் சுரங்கத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் நூர்தீன் நேற்று நம் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். உங்களுக்குப் பல நாளாகக் காய்ச்சலாம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். முகாம் மருத்துவரிடம் காட்டாமல், மேலாடைப் பையில் மஞ்சள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேளைக்கு இரண்டாக விழுங்குகிறீர்களாம். அவன் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் அப்படியே ஒப்பித்தான். "எண்பத்தேழு வயசு மனுசனையே எழுப்பி நடக்க வச்ச மாத்திரைடா இது. என்னை எழுப்பாதா?" என்றீர்களாமே.

என்னிடம் போனில் பேசியபோதெல்லாம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னீர்கள். அலுவலக அறையில் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது பெண்டாட்டியிடம் உண்மை பேசுவது கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது. இருமல் வந்தால் உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு, சிக்னல் போய்விட்டது என்று மறுநாள் சொன்னீர்கள். நானும் நம்பினேன். டாக்டர் என்று எனக்குப் பெயர்தான். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

பெர்மெத்தை மேய்ச்சல் மலைக்கு உங்கள் அக்காவோடு அனுப்பி ஒரு மாதமாகிறது. குதிரைப்பால் குமிஸ் குடித்துக் கன்னம் உப்பியிருக்கிறதாம், குட்டிக் குதிரைக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறாளாம். அவள் அங்கேயே இருக்கட்டும். கீழே காற்று சரியில்லை. நம் தெருவில் மட்டும் மூன்று வீட்டு முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டார்கள். வராதீர்கள் என்று எவ்வளவு சொன்னாலும் ஜனங்கள் அழுது கட்டிப்பிடிக்க வந்துவிடுகிறார்கள். வராவிட்டால் செத்தவருக்கு அவமானமாம். வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் என் வார்டுக்கு வருகிறார்கள்.

வார்டு என்று சொல்வதே வீண். ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறோம். கூடைப்பந்து வளையத்தில் மருந்து பாட்டில் தொங்குகிறது. ஊரில் ஊசி போடத் தெரிந்த எல்லாரும் டாக்டராகிவிட்டார்கள். மாட்டு டாக்டர் ஜூமாகுல் வீட்டு முன்னால் மனிதர்கள் வரிசையில் நிற்கிறார்கள், அவரும் மறுக்காமல் போடுகிறார். ஒருவருக்கொருவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, எது நல்லது என்று யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தோம். நானும் அப்படித்தான். மே மாதம் நான் எழுதித் தந்த மருந்துகளில் எது உதவியது, எது கெடுத்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து ஆய்வுக் குழு வந்தது. நீங்கள் போனில் கேட்டுச் சிரித்தீர்களே, அதே குலுக்கல்தான். எல்லாருக்கும் ஆக்ஸிஜன் உண்டு, எல்லாரையும் குப்புறப் படுக்க வைப்போம், மூச்சுத் திணறலில் ஆக்ஸிஜன் தேவைப்படுபவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி உண்டு. இதற்கு மேல் அந்த மஞ்சள் மாத்திரை கொடுக்கலாமா வேண்டாமா என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிச் சொல்லும். டாக்டருக்குப் பிடித்தவர், கெஞ்சியவர், அதிகாரியின் மச்சான் என்றெல்லாம் பார்க்காது. சம்மதித்தவர்களைத்தான் சேர்த்தோம். பல ஊர்களில் இப்படிச் செய்து, இரு பக்கத்தையும் ஒப்பிட்டால், மாத்திரை உயிரைக் காக்கிறதா இல்லையா என்று கடைசியில் தெரிந்துவிடும். ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வைத்து ஆட்டெலும்பு உருட்டி விளையாடுகிறார்கள் என்று. சந்தையில் ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே, "எம் புருசனுக்கு எலும்பு எந்தப் பக்கம் விழுந்துச்சு டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

ஜூன் கடைசியில் அத்தாவுக்குக் காய்ச்சல் வந்ததும், அவரை நான் விளையாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனதும், குலுக்கலில் அவர் மாத்திரைப் பக்கம் விழுந்ததும் உங்களுக்குத் தெரியும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாதே. கம்ப்யூட்டரில் பெயரைப் பதிவு செய்ய நர்ஸை அழைத்து, அவள் உரக்கச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அந்த நிலையிலும் அத்தா அதைக் கவனித்துத் தலையாட்டிக்கொண்டார்.

அவர் பிழைத்தார். குல்லாவைச் சரியாக வைத்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் கூடத்தை விட்டு நடந்து வெளியே போனதை யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள். உங்கள் அண்ணன் ஆடு வெட்டி நன்றிப் படையல் போட்டார். எண்பத்தேழு வயதை மாத்திரை காப்பாற்றியது என்று பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு. மறுவாரம் எந்த மருந்துக் கடையிலும் மஞ்சள் மாத்திரை கிடைக்கவில்லை. அந்தப் படம் மலையேறி உங்கள் முகாமுக்கும் வந்திருக்கிறது என்று நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

அத்தா வீடு திரும்பிய பிறகு ஊல்கான் என்ற கணக்கு டீச்சர் குணமாகி வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் மாத்திரை இல்லாத பக்கம். எனக்கு நன்றாகத் தெரியும், நானே பதிவு செய்தேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மாமனாரு கையால வாங்கித் தின்ன துண்டுதான் டாக்டர் என்னை எழுப்புச்சு. அவரு ஆயுசு எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்றாள். என்ன துண்டு என்று கேட்டேன். மாத்திரைத் துண்டு என்றாள், அதில் என்ன தப்பு என்பது போல.

அன்று மாலை நேரே வீட்டுக்குப் போனேன். அத்தா முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் குரலை உயர்த்தியதில்லை, முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேள்வி கேட்டதுமில்லை. அன்று கேட்டேன்.

அவர் மறைக்கவே இல்லை. "கேட்டாங்க, குடுத்தேன். இத்தனை வயசு வாழ்ந்தவன்கிட்ட தெபெரிக்குன்னு ஆசித் துண்டு கேட்டா இல்லேன்னு சொல்ற வீடா நம்ம வீடு? விருந்துன்னா கறி இருக்கும், ரொட்டி இருக்கும், பிச்சுக் குடுக்கலாம். அங்க எனக்குன்னு இருந்தது அந்த மாத்திரை ஒண்ணுதான். அதைப் பிச்சுக் குடுத்தேன்" என்றார்.

நீங்கள் எத்தனை விழுங்கினீர்கள் என்று கேட்டேன்.

"மொத நாள் ஒண்ணை நாக்குல வச்சேன் மருமகளே. கசந்துச்சு. துப்பிட்டேன்."

நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாராம். அவள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் கைக்குட்டைக்குள். பிறகு நகத்தால் துண்டாக்கி, பிஸ்மில்லா சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் பங்கு. வயதில் இளையவர்களுக்குப் பெரிய துண்டாம். என் வார்டில், என் கண் முன்னால், ஆடு பங்கிடுகிற ஒழுங்கோடு நடந்திருக்கிறது. பிறகு வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்று சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

ஆக, உங்கள் அத்தா அந்த மாத்திரையில் ஒன்றுகூட விழுங்கவில்லை. நீங்கள் நம்பிப் பையில் வைத்திருக்கிறீர்களே, அந்த மாத்திரைக்கும் அவர் நடந்து வந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெரிய துண்டு வாங்கியவர்களில் வெல்டர் எர்மெக்கும் ஒருவன். உங்களோடு படித்தவனின் தம்பி. மூன்று சின்னப் பிள்ளைகள் என்று அத்தா அவனுக்குத் தினமும் கொடுத்திருக்கிறார். எர்மெக் பிழைக்கவில்லை. அவன் அப்பா நம் அத்தாவைவிடக் கொஞ்சம் இளையவர்; கல்லறையில் முதல் கைப்பிடி மண்ணைப் போட அவருக்குக் கை வரவில்லை. மற்றவர்கள் அவர் கையைப் பிடித்துப் போட வைத்தார்கள். அங்கிருந்து திரும்பிய அத்தா என்னிடம் வந்து, தான் கொடுத்தது போதவில்லையா, இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்க வேண்டுமா என்று கேட்டார். அவரை அப்படி ஒடுங்கி நான் பார்த்ததில்லை. உங்கள் துண்டு அவனைக் கொல்லவும் இல்லை, ஊல்கானைக் காப்பாற்றியதாகவும் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். தெரியவில்லை என்று சொல்வதற்கு அவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது.

இதைப் பிஷ்கேக்குக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? எங்கள் தலைமை மருத்துவர் ஒரோஸ்பெக் முடியும் என்றார். நல்ல மனிதர்தான், களைத்துப் போயிருந்தார். "யாரும் கேக்கலையேம்மா. ஒங்க மாமனார் பேரும் கெடும், நம்ம பேரும் கெடும். ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கையாவது இருக்கட்டுமே" என்றார். அவர் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். நம்பிக்கை இருக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் மாத்திரை பையில் இருக்கிறது என்கிற நம்பிக்கையில் மூச்சு முட்டும்வரை வீட்டிலேயே படுத்திருந்து, கடைசி நேரத்தில் வந்தவர்களை நான்தான் கூடத்துக்குள் தூக்கிப் போகிறேன். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். மாமனார் என்பதையும் மறைக்கவில்லை.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. யார் விழுங்கினார், யார் துப்பினார் என்று பார்த்து ஆளை இடம் மாற்றக் கூடாது, குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாரோ அந்தப் பக்கத்திலேயே வைத்துத்தான் கணக்குப் பார்ப்போம், ஆனால் நம் ஊரை விட்டுவிட்டும் ஒரு முறை தனியாகப் பார்ப்போம் என்றார்கள். மற்ற ஊர்களிலும் விசாரித்தார்கள். இன்னும் இரண்டு இடத்தில் இதே பங்கீடு நடந்திருக்கிறது. தலைநகரத்துப் படிப்பாளிகள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், வயதானவர் கையில் இருப்பதை மற்றவர்கள் கேட்பார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டு விருந்திலும் பிள்ளைகளுக்குத் தெபெரிக் ஊட்டியவர்கள்தான்! அதன் பிறகு எங்கள் கூடத்தில் மாத்திரை போட்டவர் நர்ஸிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்று வைத்தோம். அத்தா தன் பங்குக்குத் தினமும் ஒரு ரொட்டியைத் தொட்டு ஆசி சொல்லி அனுப்புகிறார். கூடத்தில் அதைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அதற்கு எந்த ஆய்வுக் குழுவும் ஆட்சேபம் சொல்லவில்லை.

போன வாரம் முடிவு வந்துவிட்டது. எல்லா ஊரையும் சேர்த்துப் பார்த்தாலும், நம் ஊரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரே பதில். மாத்திரைப் பக்கம் விழுந்தவர்களும் விழாதவர்களும் ஒரே அளவில்தான் இறந்திருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அது யாரையும் காப்பாற்றவில்லை.

நேற்று நூர்தீன் உங்களைப் பற்றிச் சொன்னதை அத்தாவும் கேட்டுவிட்டார். உள்ளே போய், மீதி மாத்திரை முடிந்திருந்த கைக்குட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். அவனுக்கு அனுப்பு என்றார். இது வேலை செய்யாது என்று முடிவே வந்துவிட்டதே அத்தா என்றேன். "வேலை செய்ய வேணாம். எங் கையிலேர்ந்து எம் மகனுக்கு ஏதாவது போகணும்" என்றார்.

நான் வாங்க மாட்டேன் என்றேன். இந்த வீட்டில் அவர் சொல்லை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் கோபமில்லை, பயம்தான். "ஊருக்கெல்லாம் எலும்பு உருட்டுனியே. அவன் ஒம் புருசன். இப்பவும் உருட்டித்தான் பாப்பியா?" என்று கேட்டார்.

"உருட்டியாச்சு அத்தா. எர்மெக்குக்கும் ஊல்கானுக்கும் உருட்டுனது அவருக்கும் சேத்துத்தான். எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு பாத்தாச்சு. இனி உருட்ட வேண்டியதில்ல, அவரை மலைய விட்டு எறக்கணும்" என்றேன்.

கைக்குட்டையை என்னிடமே கொடுத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

எனவே நான் சொல்வதைச் செய்யுங்கள். இந்தக் கடிதத்தோடு நூர்தீனிடம் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி ஒன்று கொடுத்திருக்கிறேன். மாட்டிப் பாருங்கள். அந்த உயரத்தில் எல்லாருக்கும் குறைவாகத்தான் காட்டும் என்று சமாளிப்பீர்கள், அதுவும் தெரியும். அதனால் அதே அறையில் நன்றாக நடமாடுகிற ஒருவன் விரலிலும் மாட்டுங்கள். அவனைவிட உங்களுக்கு இறங்கியிருந்தால் பேச்சே இல்லை. இறங்காவிட்டாலும், நாலு படிக்கே மூச்சு வாங்குகிறவருக்கு நாலாயிரம் மீட்டர் உயரத்தில் வேலை கிடையாது. முகாம் மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். கீழே இறக்குகிறவரை ஆக்ஸிஜன் கொடுக்கச் சொல்லுங்கள். யாராவது ஸ்டீராய்டு ஊசியைக் கொண்டுவந்து நண்பன் என்ற உரிமையில் குத்த வந்தால் விடாதீர்கள். ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு அது உயிர் காக்கிறது, தேவைப்படாதவர்களுக்கு அதில் பயனில்லை, கெடுதல்கூட வரலாம். பார்த்துச் சொல்ல வேண்டியது மருத்துவர். எட்டுப் பேர் படுக்கும் அந்த அறையின் ஜன்னலைக் குளிர் என்று பாராமல் திறந்து வையுங்கள், மற்ற ஏழு பேருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். போனால் போகட்டும். என் சம்பளத்தில் நாலு பேர் கொஞ்ச நாள் சாப்பிடலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கூடத்தில் யாருக்கு மூச்சு இறங்கினாலும் நிதானமாக வேலை பார்ப்பேன். நேற்று நூர்தீன் சொல்லி முடித்ததிலிருந்து இந்தக் கடிதத்தையே மூன்று முறை கிழித்து எழுதினேன்.

சரக்கை இறக்கிவிட்டு நூர்தீன் அன்றே திரும்புகிறான். வழியில் மூச்சுத் திணறினால் சமாளிக்க ஆக்ஸிஜன் உருளை ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். அவனுக்கு ஜூனிலேயே வந்து போய்விட்டது, இருந்தாலும் இருவரும் முகக்கவசத்தோடு கண்ணாடியை இறக்கிவிட்டு வாருங்கள். மருத்துவர் வேறு வண்டியில் அனுப்புகிறேன் என்றால் அதிலேயே வாருங்கள். எந்த வண்டியானாலும் சரி.

அத்தாவுக்கு எழுத வராது என்பது தெரியும். இந்தக் கடிதத்தை முழுக்க அவருக்குப் படித்துக் காட்டினேன். மாத்திரையைத் துப்பியதை எடுத்துவிடச் சொன்னார், பிறகு வேண்டாம், இருக்கட்டும் என்றார். கடைசியில் கைகளை விரித்து உங்களுக்காக ஆசி சொன்னார். அதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"எம் மகனே, நாந்தான் மொதல்ல போகணும். நீ இருந்து எம் மேல மண்ணு போடணும். எர்மெக் வீட்டுல வரிசை தப்பிடுச்சு. நம்ம வீட்டுல தப்பக் கூடாது. ஆமீன்."

நானும் முகத்தில் கைகளைத் தடவி ஆமீன் சொல்லிவிட்டேன். நீங்கள் வண்டியில் ஏறுங்கள்.

உங்கள்
கன்ஷாய்